விட்டதும் பெற்றதும்

மத்ரஸா மாணவர் ஒருவர் திருமறையின் 2ஆம் அத்தியாயம் 61ஆம் வசனத்திற்குத் தாம் எழுதிய தமிழாக்கத்தை என்னிடம் காட்டினார். நடை தெளிவு; சொற்களும் நல்லவை. ஆயினும் பொருள் தலைகீழாகி இருந்தது. மன்னு, ஸல்வா உணவு போதாதென்று கீரையும் பருப்பும் வெங்காயமும் வேண்டிய தம் சமூகத்தாரை மூஸா நபி (அலை) அவர்கள் கடிந்துகொள்ளும் இடம் அது. மாணவரின் தமிழிலோ, அவர்கள் தாழ்ந்ததைக் கொடுத்து உயர்ந்ததைக் கேட்டதாக அமைந்திருந்தது. அவ்வாறாயின் கடிந்துகொள்வதற்கு என்ன இருக்கிறது?

பிழை பிறந்த இடம் ‘இஸ்திப்தால்’ என்னும் வினை. இவ்வினையோடு வரும் ‘பா’ என்னும் இடைச்சொல் விடப்படும் பொருளின்மீதே ஏறும். பெறப்படுவது நேரே செயப்படுபொருளாய் நிற்கும். இது நஹ்வு கற்றோர் அறிந்த மரபு. தமிழின் போக்கு வேறு. ‘உப்பை நெல்லுக்கு மாற்றினான்’ என்றால், ‘கு’ உருபு ஏற்ற நெல் கைக்கு வந்தது. ‘உப்புக்குப் பதிலாக நெல் பெற்றான்’ என்றாலோ, அதே உருபு கைவிட்டுப் போன உப்பின்மீது நிற்கிறது. உருபு ஒன்று, திசை இரண்டு. மாணவர் ‘பா’வைக் ‘கு’ ஆக்கி, அதனை ‘மாற்றுதல்’ என்னும் வினையோடு சேர்த்துவிட்டார். ‘பதிலாக’ என்று எழுதியிருப்பின் பொருள் நேராகியிருக்கும்.

அந்தப் ‘பதில்’ என்பதும் ‘பதல்’ என்னும் அரபுச் சொல்லின் வழிவந்ததே. பிறருக்காக நிறைவேற்றும் ‘பதல் ஹஜ்’ஜில் அதன் பழைய உருவை இன்றும் வழங்குகிறோம். நம் வீடுகளில் பயிலும் ‘பகரம்’ என்பதும் இவ்விடத்திற்கு ஏற்றது. தயம்மும் வுளூவுக்குப் பகரம். அதன் இடத்தில் நிற்கிறது. அதனை ‘ஈடு’ என்றல் பொருந்தாது. ஈடு மதிப்பைக் குறிக்கும். அரபியில் அதற்கு ‘இவள்’ எனத் தனிச்சொல் உண்டு.

25ஆம் அத்தியாயம் 70ஆம் வசனமோ, தவ்பா செய்தோரின் தீமைகளை அல்லாஹ் நன்மைகளாக மாற்றுவதைக் கூறுகிறது. அங்கே ‘பா’ இல்லை. செயப்படுபொருள் இரண்டு, முன்னது போவது, பின்னது வருவது. ஆங்கே ‘மாற்றுதல்’ என்பதே தக்க சொல்.

இதனைச் சொல்லாராய்ச்சி என்று மட்டும் எண்ணி ஒதுக்கற்க. வக்ஃபு நிலத்தை வேறு நிலத்தோடு மாற்றுவதையும் ஃபிக்ஹு நூல்கள் இஸ்திப்தால் என்றே கூறும். அவ்வாசகத்தைத் தமிழாக்குவோர் திசை தவறினால், வக்ஃபு விட்டது எது, பெற்றது எது என்பதே மாறிவிடும்.

ஆகவே, மொழிபெயர்க்கும் இளைஞர்கள் ஐயம் எழும் இடத்தில் ஒரு வினைக்கு இரு வினை பெய்து எழுதுவார்களாக: ‘இதனை விட்டு அதனைப் பெறுதல்.’ வாக்கியம் சற்றே நீளும். நீண்டாலும் குற்றமில்லை, பொருள் பிறழ்தலே குற்றம்.