நீலநிற நால்வர்: ஓர் இசைத்தொகுப்பு திரைப்படமான வகை

இந்த மலரில் வழக்கமாகச் சிந்தாமணி, நீலகேசி என்று எழுதி வருபவன் நான். இம்முறை பிரெஞ்சுக்காரர் இருவர் செய்த இசைத்தொகுப்பையும், ஜப்பானியர் அதற்கு வரைந்த படத்தையும் எடுத்துக்கொண்டிருக்கிறேன். "ஜவுளிக்கடை நயினாருக்கு வயசான காலத்துல என்ன ஆச்சு?" என்று சங்க நண்பர்கள் கேட்கலாம். காரணம் உண்டு. முழுவதும் படித்துவிட்டுப் பிறகு ஏசுங்கள்.

ஒரு கருத்தையோ கதையையோ சரடாக வைத்து, பாட்டுகளை வரிசையாகக் கோத்து வெளியிடும் தொகுப்பு மேல்நாட்டில் 1960-களிலிருந்து பெருகியது. அவற்றுள் சில திரைப்படமும் ஆயின. கேட்பதற்கென்று செய்த பொருளைக் காண்பதற்கு மாற்றும்போது எதை விட வேண்டும், எதைச் சேர்க்க வேண்டும்? இந்தக் கேள்விக்கு நல்ல விடை ஒன்று 'இன்டர்ஸ்டெல்லா 5555' என்னும் படத்தில் கிடைக்கிறது என்பது என் கருத்து.

முன்னோர் சென்ற வழி

'தி ஹூ' குழுவின் 'டாமி' 1969-ல் இசைத்தட்டாக வந்தது. கென் ரஸ்ஸல் அதை 1975-ல் படமாக்கினார். பாட்டுகளைப் புதிதாகப் பதிவு செய்தார்கள், புதுப் பாட்டுகளும் சேர்த்தார்கள். 'பிங்க் ஃபிளாய்ட்' குழுவின் 'தி வால்' 1979-ல் வந்தது. ஆலன் பார்க்கரின் படம் 1982-ல். அதில் தொகுப்பிலிருந்த ஒரு நல்ல பாட்டையே எடுத்துவிட்டார்கள். இரண்டுமே விஞ்ஞானக் கதைகள் அல்ல.

விஞ்ஞானக் கதை என்றால் ஜெஃப் வெய்ன் 1978-ல் வெளியிட்ட 'தி வார் ஆஃப் தி வேர்ல்ட்ஸ்' தொகுப்பைச் சொல்ல வேண்டும். எச்.ஜி.வெல்ஸ் எழுதிய நாவலை ரிச்சர்ட் பர்ட்டன் கதை சொல்லும் குரலாக நின்று நடத்திச் செல்வார். நம்மூர்க் கதாகாலட்சேபம் மாதிரி. குரலே எல்லாவற்றையும் சொல்லிவிடுவதால் கண்ணுக்கு அங்கே வேலை குறைவு. கேட்டால் போதும்.

கேட்டதும் கண்டதும்

'டாஃப்ட் பங்க்' என்ற பெயரில் தாமஸ் பங்கால்தேர், கி-மானுவெல் தெ ஒமெம்-கிரிஸ்தோ என்னும் இருவர் செய்த 'டிஸ்கவரி' 2001 மார்ச்சில் வந்தது. பள்ளியில் படித்துக்கொண்டிருந்த என் மகன் குறுந்தகடு வாங்கி வந்தான். மணிநகர் வீட்டில் இரண்டே அறை. தப்பித்து ஓட இடமில்லை. ஒரே சொற்றொடர் திரும்பத் திரும்ப வந்தது. "என்னடா இது, கீறல் விழுந்த ரெக்கார்டா?" என்று கேட்டேன். அவன் சிரித்தான். அன்று அதில் கதை ஒன்றும் என் காதில் விழவில்லை.

கதை பின்னால் வந்தது. இசைஞர் இருவரும் செட்ரிக் எர்வே என்பவரும் சேர்ந்து அதை அமைத்தார்கள். சிறுவயதில் பிரெஞ்சுத் தொலைக்காட்சியில் 'கேப்டன் ஹார்லாக்' பார்த்து வளர்ந்தவர்கள் ஆகையால், அதைப் படைத்த லெய்ஜி மட்சுமோட்டோவையே நாடிப் போனார்கள். அவர் மேற்பார்வையில் டோயெய் நிறுவனம் வரைய, கஸுஹிஸா டகெனோச்சி இயக்கினார். 2003-ல் கான் விழாவில் திரையிட்டார்கள்.

படத்தின் கட்டுமானம்தான் வியப்பு. தொகுப்பில் 14 பாட்டுகள். படத்திலும் அதே 14, அதே வரிசையில், ஒன்றையும் கத்தரிக்காமல். வசனம் கிடையாது. சுமார் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஓடும். ஒரு தூர கிரகத்தில் நீலத்தோல் கொண்ட நால்வர் பாடிக்கொண்டிருக்கிறார்கள். பூமியிலிருந்து ஆள் வந்து கடத்திப் போகிறான். ஷெப் என்னும் விமானி கிதார் வடிவ விண்கலத்தில் அவர்களைத் தேடிப் புறப்படுகிறான்.

சாயப்பட்டறைக் காட்சி

நான்காம் பாட்டு 'ஹார்டர், பெட்டர், ஃபாஸ்டர், ஸ்ட்ராங்கர்'. தனியாகக் கேட்டால் உழைப்பையும் முன்னேற்றத்தையும் மெச்சும் பாட்டு; கடைப் பையன்களுக்குப் போட்டுக் காட்டலாம் என்றுகூடத் தோன்றும். படத்தில் அது எங்கே வருகிறது? மயங்கிக் கிடக்கும் நால்வரும் இயந்திரப் பட்டையில் வரிசையாக நகர்கிறார்கள். நினைவுகளை உருவித் தட்டுகளில் ஏற்றுகிறார்கள். நீலத்தோலுக்கு மனிதத் தோலின் நிறம் பூசுகிறார்கள். அளவெடுத்து உடை மாட்டுகிறார்கள். பாட்டின் தாளமும் இயந்திரத்தின் அசைவும் ஒன்றாகவே ஓடுகின்றன.

துணி வியாபாரத்தில் நாற்பது வருஷத்துக்கு மேல் இருப்பவன் நான். நாரோல் பக்கத்துச் சாயப்பட்டறைகளில் கோராத் துணி ஒரு முனையில் உள்ளே போவதையும், வெளுத்து, நிறமேறி, மடிப்புக் கலையாமல் மறுமுனையில் வெளியே வருவதையும் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். எந்த ஊர்ப் பருத்தி, யார் நெய்தது என்று அதற்குப் பிறகு யாரும் கேட்பதில்லை. இந்தக் காட்சியைப் பார்த்தபோது அதுதான் நினைவுக்கு வந்தது.

இங்கேதான் தழுவலின் நுட்பம் இருக்கிறது. பாட்டின் ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை. அது நிற்கும் இடத்தை மட்டும் அமைத்துக் கொடுத்தார்கள். மெச்சுவதாகக் கேட்ட சொல் இப்போது உத்தரவாகக் கேட்கிறது. அடுத்த பாட்டில் நால்வரும் பூமியில் புகழ்பெற்று விடுகிறார்கள். குதூகலமான இசை அப்படியே இருக்க, பாடுகிறவர்களின் கண்ணில் ஒளி இல்லை. காது ஒன்று சொல்ல, கண் வேறொன்று சொல்கிறது. திரும்பத் திரும்ப வருகிறதே என்று நான் குறைப்பட்ட அம்சம், கதைக்குள் பொருள் பெற்றுவிட்டது. மகனிடம் இதை ஒப்புக்கொள்ள எனக்குச் சில வருஷம் ஆயிற்று.

இடம்பெயர்ந்து வாழும் நமக்கு இதில் கூடுதலாக ஒன்று உண்டு. நான் 1981-ல் வந்தவாசிப் பக்கமிருந்து அகமதாபாத் வந்தேன். "மதராசியில் ஜைனர் உண்டா?" என்று இங்குள்ள வியாபாரிகள் வியந்தார்கள். விளக்கிச் சொல்லிச் சலித்துப்போய், கடைசியில் வியாபாரத்துக்குத் தோதாக அவர்களைப் போலவே பேசவும் உடுத்தவும் பழகிக்கொண்டேன். என்னை யாரும் கடத்தவில்லை, பட்டையில் கிடத்தவில்லை; நானே போய்ப் படுத்தேன். பேரன் தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிக்கிறான். அந்த நான்கு நிமிடக் காட்சி என்னை உறுத்தியதற்குக் காரணம் இதுவே.

குறைகள்

படத்தில் எல்லாமே நிறைவு என்று சொல்ல வரவில்லை. ஸ்டெல்லா என்னும் பெண் இசைஞர், மற்றவர் மீட்பதற்கான அழகுப் பதுமையாகவே பெரும்பாலும் நிற்கிறாள். பதினோராம் பாட்டில் வில்லனின் முழு வரலாறும் ஒரு பழைய நூலின் வழியே வந்து குவிகிறது. 5,555 தங்கத்தட்டுகள் சேர்ந்தால் அண்டத்தை ஆளலாம் என்பது அவன் திட்டமாம். அதுவரை படம் சொல்லாமல் விட்டதெல்லாம் பலமாக இருந்தது. இங்கே சொல்ல ஆரம்பித்ததும் இசை பின்னால் தள்ளப்படுகிறது. சாதாரண முதலாளியின் பேராசையே போதுமே, அண்டம் எதற்கு? அவனை மந்திரவாதி ஆக்கியதில், அவன் நடத்துவது வியாபாரம் என்ற உண்மையின் கூர் மழுங்கிவிட்டது.

யார் சரக்கு?

இதைவிடப் பெரிய கேள்வி இசைத்தட்டுக்குள்ளேயே இருக்கிறது. நான்காம் பாட்டு எட்வின் பேர்ட்சாங் 1979-ல் வெளியிட்ட ஒரு பாட்டின் துண்டை வைத்துக் கட்டியது. அவர் பெயர் ஆக்கியோர் வரிசையில் இருக்கிறது. முதல் பாட்டான 'ஒன் மோர் டைம்' எடி ஜான்ஸ் என்பவர் அதே 1979-ல் பாடிய பாட்டின் துண்டுகளால் ஆனது. உரிமை வைத்திருந்த நிறுவனத்துக்குப் பணம் போனது, பாடினவருக்குப் பங்கு வந்து சேரவில்லை என்ற செய்தி 2021-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் டைம்ஸ் இதழில் வந்தது.

வெட்டுத்துணி வாங்கி ஒட்டுப்போட்டு அழகான ஜமக்காளம் செய்வது குற்றமில்லை, அதுவும் கலைதான். துணிக்காரனுக்குக் காசு போய்ச் சேர்ந்ததா என்பதே கேள்வி. பிறர் இசையைப் பறித்து, பெயரை மாற்றி விற்பவனைப் பற்றிய படம், அப்படி ஒரு பாட்டோடு தொடங்குகிறது. படைத்தவர்கள் இதை எண்ணியிருக்க மாட்டார்கள். ஆனாலும் இனி அந்த முதல் காட்சியை இதை மறந்துவிட்டுப் பார்க்க என்னால் முடியவில்லை. படத்தின் நியாயத்தைப் படத்தின் மேலேயே வைத்துப் பார்க்க நேர்கிறது. நல்ல படைப்பு அதற்கும் இடம் தரத்தான் வேண்டும்.

முடிவாக

நினைவுத் தட்டுகளை மீட்டு, நால்வரும் தம் நிறம் பெற்று ஊர் திரும்புகிறார்கள். பிறவி மாறியும் நினைவு மீள்வதைச் சொல்லும் யசோதர காவியம் படித்தவனுக்கு இது அந்நியமில்லை. கடைசியில் ஒரு சிறுவனின் அறை. தட்டு சுழல்கிறது, பொம்மைகள் கிடக்கின்றன, பையன் தூங்குகிறான். அப்படியானால் கண்டதெல்லாம் அவன் பாட்டுக் கேட்டுக் கட்டிய கற்பனைதானா?

"கனவென்று சொல்லித் தப்பித்துக்கொண்டார்கள்" என்று இதைக் குறை சொல்ல இடமுண்டு. எனக்கு அது நேர்மையாகவே படுகிறது. இசைத்தொகுப்பைப் படமாக்கும்போது கேட்பவர் மனத்தில் இருந்த படம் அழிந்துபோகும். அதுதான் இந்த வேலையிலுள்ள பெரிய நஷ்டம். இந்தப் படமோ 'இது ஒரு குழந்தை கேட்ட விதம், நீ உன் விதத்தில் கேள்' என்று தட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போகிறது. டாமியும் தி வாலும் அப்படிக் கொடுக்கவில்லை.

போன தீபாவளிக்குப் பேரனோடு உட்கார்ந்து மறுபடி பார்த்தேன். நான்காம் பாட்டு முடிந்ததும், "தாத்தா, அவங்களுக்கு அவங்க ஊர்ப் பேச்சும் மறந்துபோயிடுமா?" என்று கேட்டான், தமிழில்தான். மறுநாள் முதல் கடை மூடி வந்தபின் அரைமணி நேரம் இருவரும் தமிழ்ப் பாடப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொள்கிறோம்.