மூன்று முனைகளின் நேர்மை

ஜூஸ் கடை முகப்பில் நிற்கும் இரட்டைத் தொட்டி மெஷினைக் கொஞ்சம் நின்று பாருங்கள். ஒன்றில் ரோஸ் மில்க், மற்றொன்றில் எலுமிச்சை. தெளிந்த சுவருக்குள் இளஞ்சிவப்பு அவசரமின்றிச் சுழல்கிறது. நடுவில் இருக்கும் எஃகு உருளை குளிரைத் தருகிறது. அடியில் சுற்றும் துடுப்பு அந்தக் குளிரைத் தொட்டி முழுவதும் பங்கிடுகிறது. நல்ல மெஷின்களில் துடுப்புக்கும் மோட்டாருக்கும் நடுவே ஓர் அச்சுகூடக் கிடையாது. தொட்டியின் அடித்தளத்துக்குக் கீழே ஒரு காந்தம் சுழல, மேலே துடுப்பிலிருக்கும் காந்தம் அதைப் பின்தொடர்கிறது. துளை இல்லை, அதனால் ஒழுக்கும் இல்லை. எவ்வளவு நாகரிகமான ஏற்பாடு!

ஆனால் இந்த மெஷினின் உள்ளழகு முழுதாகத் தெரிவது, அது குளிரை நிறுத்திவிட்ட ஒரு கோடைப் பிற்பகலில்தான். விளக்கு எரிகிறது, துடுப்பு சுற்றுகிறது, ரோஸ் மில்க் மட்டும் வெதுவெதுப்பாக இருக்கிறது. மெக்கானிக் வருகிறார். கைதேர்ந்தவர் வந்ததும் பையைத் திறப்பதில்லை. முதலில் கேட்கிறார்.

“எப்பருந்துண்ணே இப்படி?”

“காலைல நல்லாத்தான் இருந்துச்சு தம்பி. மத்தியானம் கரண்ட் போய்ப் போய் வந்துச்சு. அப்புறம் கூலிங்கே இல்ல.”

இந்தப் பதிலில் பாதி வழி திறந்துவிடுகிறது. மீதி வழிக்கு அவர் காதைக் கொடுக்கிறார். கம்ப்ரஸர் ‘ம்ம்ம்’ என்று முனகுகிறது. சில விநாடிகளில் ஒரு ‘டிக்’. முனகல் நிற்கிறது. சிறிது நேரம் அமைதி. மறுபடி ‘டிக்’, மறுபடி முனகல். கடைக்காரருக்கு அது வெறும் சத்தம். மெக்கானிக்குக்கோ அது முறையாகச் சொல்லப்பட்ட வாக்குமூலம்: மின்சாரம் என்னிடம் வருகிறது, சுழல முயல்கிறேன், முடியவில்லை, என்னைக் காப்பவன் என்னைத் துண்டித்துவிட்டான்.

அந்தக் காவலனைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். ஓவர்லோடு என்று பெயர். கம்ப்ரஸரின் பக்கவாட்டில், ஒரு மூடிக்குள் ஒட்டிக்கொண்டிருக்கும் சிறு வில்லை. உள்ளே வெவ்வேறு அளவில் விரியும் இரண்டு உலோகங்களை ஒட்டிச் செய்த மெல்லிய தகடு. மின்னோட்டம் மிகுந்தாலோ கம்ப்ரஸரின் உடல் கொதித்தாலோ அந்தத் தகடு சட்டென்று மறுபுறம் வளைகிறது. டப்பா மூடியின் நடுவை அழுத்தினால் ‘டிக்’ என்று உள்வாங்குமே, அதே அசைவு. இணைப்பு அறுகிறது. சூடு தணிந்ததும் தகடு தானே பழைய வளைவுக்குத் திரும்புகிறது. சிப் இல்லை, நிரல் இல்லை. உலோகத்தின் இயல்பு ஒன்றை மட்டும் நம்பி ஒரு மோட்டாரின் உயிர் காக்கப்படுகிறது.

முனகலுக்குக் காரணங்கள் பல இருக்கலாம். அவற்றை மெக்கானிக் விசாரிக்கும் வரிசையில்தான் கலையே இருக்கிறது. முதலில் பிளக்கில் வோல்டேஜ். 230 இருக்க வேண்டிய இடத்தில் 170 இருந்தால் கம்ப்ரஸர் மீது குற்றமே இல்லை. அடுத்து விசிறி. கண்டென்ஸரின் சூட்டை ஊதித் தள்ளும் அந்தச் சிறு மோட்டாரின் இரும்புத் துருவ ஓரங்களில் தடித்த செம்பு வளையங்கள் பதிந்திருக்கும். வளையத்துக்குள் அடைபட்ட பகுதியில் காந்தப்புலம் ஒரு கணம் பிந்துகிறது. அந்தச் சிறு தாமதம்தான் மோட்டாருக்குச் சுழலவும் திசை அறியவும் கற்றுத் தருகிறது. விசிறி நின்றாலும், கண்டென்ஸரில் தூசி அப்பியிருந்தாலும் சூடு ஏறி ஓவர்லோடு துண்டிக்கும். ஆகவே அங்கே பார்த்து, ‘இவன் நிரபராதி’ என்று உறுதி செய்துகொண்ட பிறகே அவர் அடுத்த படிக்குப் போகிறார்.

இப்போது பிளக்கைப் பிடுங்குகிறார். கப்பாசிட்டர் இருந்தால் அதில் தங்கியிருக்கும் மின்சாரத்தை இறக்குகிறார். மூடியைக் கழற்றுகிறார். கண்ணாடியில் பதித்த மூன்று முனைகள் தெரிகின்றன: காமன், ஸ்டார்ட், ரன். மீட்டரை எடுத்ததும் அவர் செய்யும் முதல் காரியத்தைத் தவறவிடாதீர்கள். இரண்டு கம்பிகளின் நுனிகளையும் ஒன்றோடொன்று தொட்டுப் பார்க்கிறார். கருவி பூஜ்யத்துக்கு அருகில் காட்டினால்தான் அதன் சாட்சியம் செல்லும். பிறரைச் சோதிக்கும் முன் தன் கருவியைச் சோதிக்கும் இந்தப் பணிவு என்னை எப்போதும் நெகிழ வைக்கும்.

பிறகு முனைகளை இரண்டிரண்டாகத் தொடுகிறார். காமனுக்கும் ரன்னுக்கும் இடையே, உதாரணமாக, 14 ஓம். காமனுக்கும் ஸ்டார்ட்டுக்கும் 20. ஸ்டார்ட்டுக்கும் ரன்னுக்கும் 34. கவனியுங்கள், முதல் இரண்டின் கூட்டல்தான் மூன்றாவது. அடைத்து வெல்டு செய்த இரும்புக் கூட்டுக்குள், யார் கண்ணுக்கும் தெரியாத செம்புச் சுருள்கள், வெளியே நீட்டிய மூன்று முனைகள் வழியாகத் தங்கள் முழு உண்மையையும் சொல்லிவிடுகின்றன. கணக்கு பொருந்தினால் சுருள் அறுபடவில்லை. கடைசியாக ஒவ்வொரு முனைக்கும் உடலுக்கும் இடையே தொட்டுப் பார்க்கிறார். அங்கே மீட்டர் எதையும் காட்டக் கூடாது. 1827-இல் ஜார்ஜ் சைமன் ஓம் நூலாக வெளியிட்ட விதி, கடைவாசலில் ஒரு ஸ்டூலின் மேல் இப்படி வாழ்ந்துகொண்டிருக்கிறது.

சுருள்கள் தேறிவிட்டன. எஞ்சியது ரிலே. இந்த வகை மெஷின்கள் பலவற்றில் அது காசளவான ஒரு பீங்கான் வில்லை. குளிர்ந்திருக்கும்போது சில பத்து ஓம்கள் மட்டும் காட்டி, ஸ்டார்ட் சுருளுக்கு மின்சாரத்தைத் தாராளமாக விடும். மின்சாரம் பாய்ந்ததும் சூடேறி, தன் தடையை ஆயிரக்கணக்கான ஓம்களாக உயர்த்தி, வழியை ஏறக்குறைய அடைத்துவிடும். அதற்குள் கம்ப்ரஸர் ஓடத் தொடங்கியிருக்கும். தொடங்கி வைத்துவிட்டுத் தானாக ஒதுங்கிக்கொள்ளும் பெருந்தன்மை இந்தக் கல்லுக்கு உண்டு. அசையும் பாகம் ஒன்றுகூட இல்லை.

அதற்கும் ஒரு தேவை உண்டு: ஆறச் சில நிமிடங்கள். கரண்ட் போய் உடனே வந்தால் கல் இன்னும் சூடாகவே இருக்கும். ஸ்டார்ட் சுருளுக்கு வழி கிடைக்காது. குழாய்களில் வாயுவின் அழுத்தமும் சமமாகியிருக்காது. கம்ப்ரஸர் முனகும், ஓவர்லோடு துண்டிக்கும். இது பல முறை நடந்தால் கல்லே விரிசல் விடும். மெக்கானிக் ரிலேயைக் கழற்றிக் காதருகே வைத்து லேசாக ஆட்டுகிறார். உள்ளே கலகலவென்று சிதறலின் ஒலி. மீட்டரில் வைத்தும் பார்க்கிறார், எண் வரவில்லை. “கல்லு உடைஞ்சிருச்சுண்ணே” என்கிறார். மத்தியானம் கரண்ட் போய்ப் போய் வந்ததற்கும் இந்தக் கலகலப்புக்கும் நடுவே இருந்த கோடு இப்போது முழுதாகத் தெரிகிறது.

தியேட்டர்களில் இருக்கும் சோடா ஃபவுண்டனுக்குப் போனால் இன்னொரு நுட்பம் காத்திருக்கிறது. அதன் வயிற்றில் ஒரு தண்ணீர்த் தொட்டி. குளிர்க்குழாய்களைச் சுற்றிப் பனிக்கட்டி படிகிறது. பனி எவ்வளவு வளர்ந்தது என்பதைச் சில உலோக முனைகளே அறிந்து சொல்கின்றன. தண்ணீரில் கரைந்த உப்புகளால் மின்சாரம் கடக்கும். உறையும்போது நீர் அந்த உப்புகளை வெளியே தள்ளிவிடுவதால் பனிக்கட்டியில் அது கடப்பது அரிது. பனி முனையைத் தழுவியதும் மின்சாரம் தடைபடுகிறது, கம்ப்ரஸர் ஓய்வெடுக்கிறது. முனையில் கம்பி அறுந்தால் மெஷின் அதையும் பனி என்றே நம்பி ஓட மறுக்கும். தண்ணீருக்கும் பனிக்கும் உள்ள வேறுபாட்டையே சுவிட்சாக்கிய அந்த மூளையை எப்படிப் பாராட்டாமல் இருப்பது?

மீண்டும் நம் கடைக்கு. புதிய ரிலே பொருத்தியாகிவிட்டது. கூலிங் வந்ததும் கிளம்புபவர் நல்ல மெக்கானிக் அல்ல. ஈரமும் மின்சாரமும் இவ்வளவு நெருங்கி வாழும் இடத்தில், எஃகு உடலில் எர்த் கம்பி இறுக்கமாக இருக்கிறதா என்று நம்மவர் பார்க்கிறார். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே துண்டிக்கும் பிரேக்கரின் ‘டெஸ்ட்’ பொத்தானை அழுத்தச் சொல்கிறார். நாளை மெஷினின் ஜூஸ் குழாயைத் திறக்கப்போகும் கைகளுக்காக, யாரும் கேளாமலே செய்யப்படும் காரியம் இது. இந்தத் தொழிலின் அழகுகளிலெல்லாம் தலையாயது இதுவே என்பேன்.

பில் வரும்போது, “ஒரு சின்னக் கல்லத்தானே மாத்துனீங்க, இதுக்கா இவ்வளவு?” என்று கேட்கத் தோன்றும். தயவுசெய்து கேட்காதீர்கள். கல்லின் விலை சொற்பம்தான். நன்றாயிருக்கும் கம்ப்ரஸரைக் குற்றம் சொல்லி மாற்றாமல், மற்ற எல்லாரையும் விடுவித்து அந்தக் கல்லில் வந்து நின்ற நிதானத்துக்கும் சேர்த்துத்தான் அந்தத் தொகை. மனமாரக் கொடுங்கள்.