ஆய்வகத்தின் தவறை எந்த அளவுகோலால் அளப்பது?

குழாய்நீர் குடிக்கத் தக்கதா, பழைய தொழிற்சாலை நின்ற நிலத்தில் வீடு கட்டலாமா, ஆற்றில் விடும் கழிவுநீர் வரம்புக்குள் இருக்கிறதா என்ற கேள்விகளுக்குக் கியூபெக்கில் விடை சொல்வது அங்கீகாரம் பெற்ற ஓர் ஆய்வகம் அச்சிட்டுத் தரும் எண்தான். சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின்படி அந்த அங்கீகாரத்தை மாகாண அமைச்சின் பகுப்பாய்வு நிபுணத்துவ மையம் வழங்குகிறது. அதற்கு அடிப்படை, ஐஎஸ்ஓ 17025 என்ற உலகத் தரநெறி. இந்த ஆய்வகங்களில் பல தனியார் நிறுவனங்கள்; அவற்றுக்குக் கட்டணம் கொடுப்பவர், எவருடைய நீரும் மண்ணும் சோதிக்கப்படுகின்றனவோ அவரே. இப்படிப்பட்ட இடத்தில் இருக்கும் ஆய்வகம் விதி மீறினால் அந்த மீறலைச் சிறிது, நடுத்தரம், கடுமை என்று தரம் பிரித்து நடவடிக்கை எடுப்பதே இன்றைய வழக்கம். அந்த வழக்கம் வேண்டியதுதான். ஆனால் ஓர் ஆய்வகத்தின் தவறை அதன் விளைவைக் கொண்டு அளக்க முயலும்போது அந்த அளவுகோலே கைவிட்டுவிடுகிறது என்பது என் கருத்து.

நன்மையை முதலில் சொல்வதே நேர்மை. 2011இல் கியூபெக் தன் சுற்றுச்சூழல் சட்டத்தைத் திருத்தி, நிருவாகப் பண அபராதம் என்ற புதிய வழியைக் கொண்டுவந்தது. 2012 முதல் அது நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அலுவலர் கையில் இருந்தவை பெரும்பாலும் எச்சரிக்கைக் கடிதமும் நீதிமன்ற வழக்கும்தான். கடிதத்துக்கு வலுவில்லை, வழக்குக்கு ஆண்டுகள் பிடிக்கும். புதிய முறையில், சிறிய மீறலுக்குத் திருத்திக்கொள்ளச் சொல்லும் அறிவிப்பு, அதற்கு மேற்பட்டதற்கு அபராதம், மிகக் கடுமையானதற்குக் குற்ற வழக்கு என்று படிகள் உண்டாயின. விதிக்கப்பட்ட அபராதங்கள் பொதுப் பதிவேட்டில் வெளியாகின்றன, எவரும் பார்க்கலாம். இதன் அருமை இந்தியாவோடு ஒப்பிட்டால் விளங்கும். 2023இன் ஜன் விஸ்வாஸ் சட்டம் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் சிறைத் தண்டனையை நீக்கி, 10,000 ரூபாய் முதல் 15 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று வைத்தது. அவ்வளவு பெரிய இடைவெளிக்குள் எங்கே நிறுத்துவது என்பது பெரிதும் தீர்ப்பளிக்கும் அலுவலரின் மதிப்பீட்டைப் பொறுத்ததாகிவிடுகிறது. முன்கூட்டியே அறிவிக்கப்பட்ட படிகள் அலுவலரின் விருப்பு வெறுப்பைக் கட்டுப்படுத்துகின்றன. சிறிய ஆய்வகம் பெரிய ஆய்வகம் என்ற பேதத்தையும் குறைக்கின்றன. ஆயிரக்கணக்கான மாதிரிகளைக் கையாளும் இடத்தில் ஒரு குறிப்பேட்டில் சுருக்கொப்பம் விடுபடுவதையும் முடிவைத் திரித்து எழுதுவதையும் ஒன்றாகப் பார்ப்பது நீதியாகாது.

கியூபெக்கின் சட்டகம் நேர்ந்துவிட்ட விளைவோடு நேரக்கூடிய விளைவையும் கணக்கில் எடுக்கச் சொல்கிறது. தாளில் இது போதுமானதாகவே தெரிகிறது. ஒரு தொழிற்சாலை எண்ணெயைக் கொட்டினால் எவ்வளவு மண் கெட்டது என்று அளக்கலாம். அளக்க வேண்டிய கருவியே பழுதுபட்டிருந்தால் என்ன செய்வது? தவறான எண் வந்த நாளில் குழாயில் என்ன இருந்தது என்பதை அறிய வேறு வழியே கிடையாது. அந்த நீர் ஓடிப்போய்விட்டது, மாதிரியும் அழிக்கப்பட்டுவிட்டது. ஆகவே அலுவலர் விளைவைத் தேடிப் பார்க்கும்போது பெரும்பாலும் ஒன்றும் கிடைக்காது. ஒன்றும் கிடைக்காத மீறல் தானாகவே கீழ்ப்படிக்கு இறங்கிவிடும். தீங்கு இல்லாததற்கும் தீங்கு தெரியாததற்கும் இந்த முறையில் வேறுபாடு இல்லை. இதுவே இதன் மூலக் குறை.

ஒன்ராறியோவின் வோக்கர்ட்டன் சிற்றூரில் 2000 மே மாதத்தில் நடந்தது இதைவிடக் கூர்மையான பாடம். நகராட்சிகளின் நீரைச் சோதித்துவந்த அரசு ஆய்வகச் சேவையை அந்த மாகாணம் 1996இல் நிறுத்தியதும் வேலை தனியாரிடம் போனது. மே 15ஆம் தேதி எடுத்த மாதிரிகளில் ஈ.கோலை கிருமி இருப்பதை ஒரு தனியார் ஆய்வகம் சரியாகவே கண்டுபிடித்தது. மே 17இல் நீர் வழங்கிய நிறுவனத்துக்கு அதைத் தெரிவித்தது. பொதுச் சுகாதார அலுவலகத்துக்குத் தெரிவிக்கவில்லை. முடிவு வாடிக்கையாளருக்கு உரியது என்பதே அதன் நிலைப்பாடு. நீரைக் கொதிக்கவைக்கும்படி மக்களுக்கு எச்சரிக்கை போனது மே 21இல். ஏழு பேர் இறந்தார்கள். 2,300க்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள். ஆய்வகம் சுகாதார அலுவலகத்துக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தியிருந்தால் எச்சரிக்கை முன்னதாகவே வந்திருக்கும், 300 முதல் 400 பேர் வரை நோயிலிருந்து தப்பியிருப்பார்கள் என்று விசாரித்த நீதிபதி டெனிஸ் ஓகானர் மதிப்பிட்டார். இங்கே சோதனையில் பிழை இல்லை. ஒரு தகவல் போக வேண்டிய இடத்துக்குப் போகவில்லை, அவ்வளவுதான். இதற்கான வழிகாட்டுதல் இருந்தும் அதற்குச் சட்ட வலு இல்லாததால் அன்று அது மீறலாகவே எண்ணப்படவில்லை. கியூபெக் விரைவாகக் கற்றுக்கொண்டது என்பதைச் சொல்லியாக வேண்டும்: 2001இல் வந்த அதன் குடிநீர் விதிகள், கெட்ட முடிவு கிடைத்ததும் அமைச்சுக்கும் பொதுச் சுகாதார இயக்குநருக்கும் தாமதமின்றி அறிவிக்கும் கடமையை ஆய்வகத்தின் மீதே சுமத்தின.

நிருவாகத் தவறு என்று நாம் ஒதுக்கும் பலவும் அளவீட்டுத் தவறைவிட ஆபத்தானவை என்பதற்கு டெக்சாஸில் இன்னொரு சான்று உண்டு. ரிச்சர்ட்சன் நகரில் இருந்த இன்டர்டெக் குழுமத்தின் சுற்றுச்சூழல் ஆய்வகம், கருவிகளின் அளவுத்திருத்தம் தேறியதுபோல் காட்டுவதற்காக வரைபடத்தின் முகடுகளைக் கையால் சீவியும் கூட்டியும் எண்களைச் சரிக்கட்டியது. 2001இல் நிறுவனம் குற்றத்தை ஒப்புக்கொண்டு 90 லட்சம் டாலர் அபராதம் கட்டியது. அறிக்கைகள் குறையில்லாதவையாகவே தோன்றின. இத்தகைய மோசடி வெளியிலிருந்து பார்ப்பவருக்குக் காட்டும் அடையாளங்கள் அற்பமானவை: அளவுத்திருத்தப் பதிவில் காரணம் எழுதாத ஒரு கைத்திருத்தம், பொருந்தாத ஒரு நேரம், மாதிரி வந்தபோது வெப்பநிலை குறிக்காத ஒரு தாள். தனித்தனியாக எடுத்தால் ஒவ்வொன்றும் சிறிய மீறல். சேர்த்துப் பார்த்தால்தான் அதன் உருவம் தெரியும். ஒவ்வொரு மீறலையும் தனியே நிறுத்துத் தனியே கோப்பை மூடும் முறைக்கு அப்படிச் சேர்த்துப் பார்க்கும் பழக்கம் இயல்பாக வராது. மறுபடி மறுபடி நிகழ்வது தண்டனையைக் கூட்டும் என்று எழுதியிருந்தால் மட்டும் போதாது. அது வகையையே மாற்ற வேண்டும்.

மொன்றியலின் ஈயக் கதை இந்த வகைப்பாட்டுக்கு வெளியே நிற்பது, அதனாலேயே முக்கியமானது. 1970க்கு முன் கட்டிய சிறிய குடியிருப்புகள் பலவற்றுக்கு ஈயக் குழாய் வழியே நீர் வருகிறது. மாகாண வழிமுறையோ குழாயை ஐந்து நிமிடம் ஓடவிட்ட பிறகே மாதிரி எடுக்கச் சொன்னது. குழாயில் தேங்கி ஈயத்தை உறிஞ்சிய நீர் அதற்குள் வடிந்துவிடும். கனடா சுகாதாரத் துறை 2019 மார்ச்சில் ஈயத்தின் வரம்பை லிட்டருக்கு 10 மைக்ரோகிராமிலிருந்து 5ஆகக் குறைத்தது. அதே ஆண்டு கொன்கோர்டியா பல்கலைக்கழகம் முன்னின்று நடத்திய இதழியல் புலனாய்வு இந்த மாதிரி எடுக்கும் முறையை அம்பலப்படுத்தியது. அதன் பிறகே மாகாணம் முறையை மாற்றியது. இதில் எந்த ஆய்வகமும் விதி மீறவில்லை. எல்லா ஆய்வகங்களும் விதிப்படி நடந்தும் குழந்தைகள் குடித்த நீர் பற்றிய எண் உண்மையைச் சொல்லவில்லை. மீறல்களை எவ்வளவு நுணுக்கமாகத் தரம் பிரித்தாலும் விதியின் பிழை அதில் அகப்படாது.

இதற்கு எழும் மறுப்புகள் வலுவானவை. கடுமையாக வகைப்படுத்தினால் ஆய்வகங்கள் பிழையை மறைக்கும் என்பார்கள். உண்மைதான், அதனால்தான் தாமே அறிவித்த பிழையையும் சோதனையில் பிடிபட்ட பிழையையும் வெவ்வேறு வகையில் வைக்க வேண்டும். எல்லாத் தவறும் உயிரைப் பறிக்கக்கூடும் என்று பேசினால் எல்லாமே கடுமையானதாகிவிடும், பிறகு வகைப்பாடே எதற்கு என்பார்கள். விளைவை ஊகிக்கத் தேவையில்லை என்பதே என் பதில். அந்த எண்ணை நம்பி யார் என்ன முடிவெடுத்தார் என்பது கோப்பிலேயே இருக்கிறது. பள்ளிக்கூடத்துக் குழாயின் ஈய அளவும், ஒரு தொழிற்சாலை தன் உள்ளறிவுக்காகச் செய்த சோதனையும் ஒன்றல்ல. மூன்றாவது மறுப்பு, பழைய முடிவுகளைத் திரும்பப் பார்ப்பதற்கு ஆகும் செலவு. ஆனால் ஐஎஸ்ஓ 17025இன் 2017 பதிப்பே, தவறு கண்டால் முந்தைய முடிவுகளின் மீது அதன் தாக்கத்தை ஆராயச் சொல்கிறது. தேவைப்பட்டால் வாடிக்கையாளருக்குத் தெரிவிக்கவும் சொல்கிறது. கடமை ஏற்கெனவே இருக்கிறது. அந்த ஆய்வைத் தவறிய ஆய்வகமே செய்துகொள்வதும், செய்தி வாடிக்கையாளரோடு நின்றுவிடுவதும்தான் குறை. வோக்கர்ட்டனில் செய்தி நின்றதும் அதே இடத்தில்தான்.

மொன்றியல் தமிழருக்கு யாழ்ப்பாணத்துச் சுன்னாகம் புதிய பெயர் அல்ல. அங்கே கிணறுகளில் எண்ணெய் கலந்திருப்பதாகச் சில சோதனைகள் காட்டின. வட மாகாணசபை அமைத்த நிபுணர் குழுவின் அறிக்கை வேறு திசையில் பேசியது. எந்த எண்ணை நம்புவது என்று தெரியாமல் மக்கள் தவித்தார்கள். 2019 ஏப்ரலில் இலங்கை உயர் நீதிமன்றம், அங்கே இயங்கிய மின் உற்பத்தி நிறுவனம் இரண்டு கோடி ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று தீர்ப்பளிக்கும் வரை அந்தத் தவிப்பு நீண்டது. அளவீட்டின் மீது நம்பிக்கை சரிந்தால் இழப்பு நீர் குடிப்பவருக்கே. ஆகவே கியூபெக் அமைச்சு மீறலைத் தரம் பிரிக்கும்போது, பாதிக்கப்பட்ட முடிவுகள் எவை, அவற்றை நம்பியவர்கள் யார், அவர்களுக்கு எந்தத் தேதியில் சொல்லப்பட்டது என்ற மூன்றையும் அபராதத் தொகைக்குப் பக்கத்திலேயே பொதுப் பதிவேட்டில் எழுத வேண்டும்.