விழுந்தது விழுந்ததுதான்: நஸ்லாக் ஆட்டமுறையின் பலமும் பலவீனமும்

1996 பிப்ரவரியில் ஜப்பானில் கேம் பாய்க்கு வெளிவந்த போக்கிமான் ரெட், கிரீன் ஆட்டங்களில் தோல்விக்கு விலை மிகக் குறைவு. சண்டையில் ஒரு போக்கிமானின் வலு முழுவதும் தீர்ந்தால் அது மயங்கி விழும். ஊரிலுள்ள போக்கிமான் சென்டருக்குக் கொண்டுபோனால் காசு வாங்காமல் எழுப்பித் தருவார்கள். கையிலிருக்கும் ஆறும் விழுந்தால் பணத்தில் பாதி போகும். கடைசியாகச் சென்ற சென்டரின் வாசலில் மறுபடி தொடங்கலாம். சிறுவர்களுக்காகச் செய்த ஆட்டத்துக்கு இந்த இரக்கம் பொருத்தமானதே. ஆனால் இந்த இரக்கத்தாலேயே, ஒரு முறை ஆடி முடித்தவருக்கு இரண்டாம் முறை அஞ்ச ஒன்றும் இருப்பதில்லை. முதலில் கிடைத்த ஒன்றை மட்டும் ஊட்டி வளர்த்து, மற்ற ஐந்தையும் பேருக்கு வைத்துக்கொண்டு, தலைவர் ஒருவரை வென்றாக வேண்டிய எட்டு ஜிம்களையும் கடந்துவிடலாம். நம்மில் பலர் சிறுவயதில் அப்படித்தான் கடந்தோம்.

இந்த இடத்தில்தான் நஸ்லாக் நுழைகிறது. 2010-இல் நிக் ஃபிராங்கோ என்ற அமெரிக்கர் போக்கிமான் ரூபி ஆட்டத்தைத் தனக்குத்தானே இரண்டு விதிகள் போட்டுக்கொண்டு ஆடினார். ஆடியதைக் காமிக்ஸாக வரைந்து இணையத்தில் போட்டார். மயங்கி விழுந்த போக்கிமான் இறந்ததாகக் கொள்ள வேண்டும், பிறகு அதைப் பயன்படுத்தக்கூடாது என்பது முதல் விதி. ஒவ்வொரு பகுதியிலும் முதலில் எதிர்ப்படுவதை மட்டுமே பிடிக்கலாம், அது தப்பினால் அந்தப் பகுதியில் வேறு கிடையாது என்பது இரண்டாவது. அந்தக் காமிக்ஸில் ‘லாஸ்ட்’ தொலைக்காட்சித் தொடரின் ஜான் லாக் முகத்தோடு வந்த நஸ்லீஃப் என்ற போக்கிமானால் ஆட்டமுறைக்குப் பெயர் அமைந்தது. பிடித்த ஒவ்வொன்றுக்கும் பெயர் வைக்க வேண்டும் என்பதும் விரைவிலேயே வழக்கமானது. ஆட்டத்தின் நிரலில் ஒரு எழுத்தைக்கூட இவை மாற்றவில்லை. எல்லாமே ஆடுபவரின் மனத்தில் மட்டும் இருக்கும் சட்டங்கள்.

இரண்டு விதிகளில் எல்லோரும் பேசுவது மரணத்தைப் பற்றியே. என் கணிப்பில் இந்த ஆட்டமுறையின் உண்மையான பலம் இரண்டாவது விதியில் இருக்கிறது. ரெட் ஆட்டத்தில் மவுண்ட் மூன் குகைக்குள் போய்வந்தவர்களுக்குத் தெரியும்: நாலடி வைத்தால் ஒரு ஸூபாட் வந்து மறிக்கும். அந்த வௌவாலை விரட்டவும் அதனிடமிருந்து ஓடவும் தெரிந்தவர்கள் ஏராளம், வளர்த்தவர்கள் குறைவு. நஸ்லாக்கில் அந்தக் குகையில் உங்களுக்குக் கிடைக்கப்போவது பெரும்பாலும் அதுதான். ஜியோட்யூடும் கிளஃபேரியும் அதே குகையில் இருந்தும் உங்களுக்கு இல்லை. அப்போதுதான் முதன்முறையாக ஸூபாட் என்ன செய்யும், எதற்கு அஞ்சும், எந்த லெவலில் எதைக் கற்கும் என்று பார்க்கத் தொடங்குகிறோம். 151 போக்கிமான்கள் இருந்தும் ஏழெட்டை மட்டுமே வளர்த்துப் பழகியவருக்கு மீதியை அறிமுகம் செய்துவைக்கும் வேலையை இந்த விதி செய்கிறது. சிறுவயதில் பூச்சி பிடித்துத் திரிந்த சதோஷி தஜிரி அந்த மகிழ்ச்சியிலிருந்துதான் இந்த ஆட்டத்தை உருவாக்கினார். தேடிப் போனது கிடைக்காமல், கையில் அகப்பட்டதை உற்றுப் பார்க்கும் அந்த அனுபவத்துக்கு நஸ்லாக் மிக அருகில் வருகிறது.

மரண விதியின் மீது வலுவான ஓர் எதிர்ப்பு உண்டு, அதுவும் தஜிரியிடமிருந்தே வருகிறது. போக்கிமான்கள் சாகாமல் மயங்கும்படி கவனமாக அமைத்ததாக 1999-இல் டைம் இதழுக்கு அளித்த பேட்டியில் அவர் சொன்னார். ஆட்டங்களில் சாவு மலிவாகிப்போய், இளம் வயதினர் அதைத் தவறாகப் புரிந்துகொள்வது அவருக்குக் கவலையாக இருந்தது. ஆட்டமும் இந்த வேறுபாட்டைத் தெரிந்தே வைத்திருக்கிறது. லாவெண்டர் டவுனில் இறந்த போக்கிமான்களுக்கென்று ஒரு கோபுரமே இருக்கிறது. அங்கே எதிர்ப்படும் போட்டியாளன், உன்னுடையவை செத்ததாகத் தெரியவில்லையே, மயங்கவாவது வைக்கிறேன் என்று வம்புக்கு இழுப்பான். இவ்வளவு தெளிவாகப் பிரித்து வைத்த இரண்டையும் நஸ்லாக் ஒன்றாக்குகிறது.

அப்படியானால் படைத்தவரின் நோக்கத்துக்கு இது துரோகமா? இல்லை என்றே நினைக்கிறேன். அவர் அஞ்சியது பொருளில்லாத சாவுக்கு. வழக்கமாக ஆடும்போது நம் அணியிலுள்ள ஒன்று விழுவதை நாம் கவனிப்பதுகூட இல்லை. அடுத்ததை இறக்கிவிட்டுப் பொத்தானை அழுத்துகிறோம். நஸ்லாக்கில் பெயர் வைத்து வளர்த்த ஒரு பிஜி விழும்போது கை நிற்கிறது. அதை எந்தச் சண்டைக்கு, எதற்காக அனுப்பினோம் என்று யோசிக்கிறோம். சாவை மலிவாக்கும் ஆட்டங்களுக்கு நேர் எதிரான திசையில் இது போகிறது.

இனி குறைகளுக்கு வருவோம். முதற்குறை, இந்த விதிகளை எல்லாத் தலைமுறை ஆட்டங்களும் ஒரே அளவில் தாங்குவதில்லை என்பது. ஃபிராங்கோ ஆடிய ரூபியில் சாதாரணத் தாக்குதல் ‘கிரிட்டிக்கல்’ ஆகும் வாய்ப்பு 16-இல் ஒன்று. முதல் தலைமுறையான ரெட்டில் அது தாக்கும் போக்கிமானின் அடிப்படை வேகத்தைப் பொறுத்தது. வேகத்தை 512-ஆல் வகுத்தால் வாய்ப்பு தெரியும். இரண்டாவது ஜிம்மில் மிஸ்டியின் ஸ்டார்மிக்கு அடிப்படை வேகம் 115. அதாவது 22 விழுக்காட்டுக்கு மேல், ரூபியைப் போல மூன்றரை மடங்கு. அந்த அடி விழுந்தால் சேதம் இரண்டு மடங்கை நெருங்கும். சார்மாண்டரோடு தொடங்கியவருக்கு அங்கே ஒரு பபிள்பீம் போதும். போதாததற்கு, முழுத் துல்லியம் கொண்ட தாக்குதல்கள்கூட ஒரு நிரல் பிழையால் 256-இல் ஒரு முறை தவறும். விழுந்தால் எழுப்பிக்கொள்ளலாம் என்று இருந்தவரை யாருக்கும் உறுத்தாத இந்தப் பிழை, நஸ்லாக்கில் ஒரு போக்கிமானையே வாரிக்கொண்டு போகிறது. திட்டமிட்டதில் தவறி அதை இழந்தால் அதிலிருந்து கற்க ஏதோ இருக்கிறது. எண்கள் உருண்ட விதத்தால் இழந்தால் கற்க என்ன இருக்கிறது? பழைய கேம் பாய் ஆட்டங்களில் இந்த இரண்டாவது வகை இழப்பு அளவுக்கு அதிகம்.

அந்த அச்சத்திலிருந்தே இரண்டாவது குறை பிறக்கிறது. இழப்புக்கு அஞ்சுபவர் புல்வெளியில் மணிக்கணக்காக நடந்து, எளிய எதிரிகளை அடித்து லெவல் ஏற்றுவார். ஜிம்முக்குள் போகும்போது தலைவரைவிடப் பத்து லெவல் மேலே இருப்பார். சவாலுக்காக எடுத்த விதி சவாலையே தின்றுவிடுகிறது, மிஞ்சுவது சலிப்புதான். அடுத்த ஜிம் தலைவரின் மிக உயர்ந்த லெவலைத் தாண்டக்கூடாது என்ற வரம்பைப் பின்னர் ஆடுபவர்களே சேர்த்துக்கொண்டார்கள். நஸ்லாக்கில் பின்னால் சேர்ந்த விதிகளிலேயே இதுதான் மிகச் சிறந்தது. இது இல்லாமல் ஆடுவது பாதி ஆட்டம்.

மற்ற துணைவிதிகள் அப்படியல்ல. ஏற்கெனவே பிடித்த இனமே மறுபடி முதலில் வந்தால் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்ற சலுகை சரி. ரூட் 1-இல் பிஜியும் ரட்டாட்டாவும் தவிர வேறொன்றும் இல்லை, அடுத்த பாதையிலும் அவையே வந்து நிற்கும். ஆனால் சலுகை ஒன்று வந்தால் அடுத்ததற்கு வழி திறக்கிறது. 1999-இல் வந்த கோல்ட், சில்வர் ஆட்டங்களில் கோல்டன்ராட் ஜிம்மின் விட்னியிடம் ஒரு மில்டேங்க் இருக்கிறது. அதன் ரோல்அவுட் 30 என்ற வலுவில் தொடங்கி ஐந்து முறைக்குள் 480-க்கு ஏறும். எத்தனையோ நஸ்லாக் பயணங்கள் அந்த மாட்டிடம் முடிந்திருக்கின்றன. அதே ஊரின் பல்பொருள் அங்காடியில் ஒருவர் ட்ரவ்ஸியை வாங்கிக்கொண்டு மசாப் தருவார். ரோல்அவுட்டைத் தாங்கி, மில்டேங்கைத் திருப்பி அடிக்கச் சரியான போக்கிமான் அது. மாற்றிக்கொண்டது பிடித்ததாகுமா? அந்த ஊரின் ஒரே வாய்ப்பு அதில் தீர்ந்துவிட்டதா? விதியில் விடை இல்லை. விட்னியின் வாசலில் நிற்பவர் தனக்குச் சாதகமான விடையைத்தான் தேர்வார். விதி வகுப்பவர், ஆடுபவர், தீர்ப்புச் சொல்பவர் மூவரும் ஒருவரே என்பதால் வரும் பலவீனம் இது. பயணம் தொடங்கும் முன்பே எல்லா விதிகளையும் தாளில் எழுதிவைப்பதைத் தவிர இதற்கு வேறு மருந்து இல்லை.

எனக்கு உண்மையான வருத்தம் தருவது இன்னொன்று. சண்டைக்குள் மருந்து கூடாது, எதிரி அடுத்ததை இறக்கும்போது நாம் மாற்றிக்கொள்ளக்கூடாது, லெவல் வரம்பு கட்டாயம் என்ற ‘ஹார்ட்கோர்’ வகை இன்று பரவலாகிவிட்டது. அதற்கென்றே எமரால்ட் கைஸோ போன்று ரசிகர்கள் திருத்திக் கடினமாக்கிய பதிப்புகளும் இருக்கின்றன. இவற்றை ஆடுபவர்களின் திறமையை மதிக்கிறேன். ஆனால் எதிரியின் ஆறு போக்கிமான்களும் அவற்றின் தாக்குதல்களும் ஒரு பக்கம் பட்டியலாகத் திறந்திருக்க, மறுபக்கம் சேதக் கணிப்பான் ஒவ்வொரு அடியையும் முன்கூட்டியே சொல்ல, அணியிலுள்ள எதை எந்த முறையில் பலிகொடுப்பது என்று அட்டவணை போடுவது வழக்கமாகிவிட்டது. பலியிடவென்றே பிடித்து வைத்த ஒன்றுக்குப் பெயர் வைத்து என்ன பயன்? ஃபிராங்கோவின் முதல் காமிக்ஸ் படங்களில் கோணல்மாணலாக வரைந்த ஒரு நஸ்லீஃபுக்கு இருந்த உயிர், இந்தக் கணக்குத் தாள்களில் எதற்கும் இல்லை. கடினம் கூடக்கூட இரண்டாவது விதி தந்த அறிமுகம் தேய்கிறது. ஸூபாட் மறுபடியும் வெறும் எண்ணாகிறது.

ஆட நினைப்பவர்களுக்கு என் பரிந்துரை இதுதான். முன்பே ஒரு முறை முடித்த ஆட்டத்தை எடுங்கள். தெரியாத ஆட்டத்தில் நஸ்லாக் தொடங்குவது அதன் ஆச்சரியங்களையே தண்டனையாக்கிவிடும். முதல் இரண்டு தலைமுறைகளைவிட மூன்றாவதான ரூபி, சஃபையர், எமரால்ட், ஃபயர்ரெட் பொருத்தமானவை. ஃபிராங்கோவின் இரண்டு விதிகள், பெயர் வைத்தல், லெவல் வரம்பு, மறு இனத்துக்கான சலுகை ஆகிய ஐந்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கணிப்பானைத் திறக்காதீர்கள்.