அத்தியாயமும் நோக்குநிலையும்: டிக்கன்ஸின் 'பிளீக் ஹவுஸ்' நாவலை முன்வைத்துச் சில கருத்துக்கள்

நாவலொன்றின் அத்தியாயம் எத்துணை நீளமுடையதாக இருத்தல் வேண்டும், கதை யாருடைய நோக்குநிலையினின்று எடுத்துரைக்கப்படல் வேண்டும் என்பன எழுத்தாளனின் கைத்திறன் சார்ந்த வினாக்களாகவே பெரும்பாலும் கருதப்பட்டு வந்துள்ளன. முற்போக்கு விமரிசகர் பலர் இவற்றை உருவவாதிகளின் அக்கறைக்குரியனவென ஒதுக்கிவிட்டு, கதைப்பொருள், பாத்திரங்களின் வர்க்கநிலை, ஆசிரியனின் உலகநோக்கு என்பன பற்றியே பேசினர். இவ்வொதுக்கல் ஏற்புடையதன்று. ஒரு நாவலில் யார் பேசுகின்றார், எவ்வளவு நேரம் பேசுகின்றார், யாரைப் பற்றிப் பிறர் மட்டுமே பேசுகின்றனர் என்பன சமூகத்தில் வாய்ப்புக்கள் பங்கிடப்பட்டுள்ள முறையோடு நேரடித் தொடர்புடையன. சார்ல்ஸ் டிக்கன்ஸின் 'பிளீக் ஹவுஸ்' இதற்குத் தக்க சான்றாகும். ஆங்கில முதலாளித்துவத்தின் உண்மை நிலையைத் தம் காலத்து நாவலாசிரியர்கள் வெளிப்படுத்தியமை பற்றி 1854இல் எழுதிய மாக்ஸ், டிக்கன்ஸையும் அவர்களுள் ஒருவராகப் பாராட்டியமை ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

இந்நாவல் 1852 மார்ச் தொடக்கம் 1853 செப்டெம்பர் வரை மாத வெளியீடாக வந்தது. ஒவ்வொரு வெளியீடும் 32 பக்கங்கள். விலை ஒரு ஷில்லிங். இறுதி வெளியீடு மட்டும் இரட்டை இதழாக அமைந்தது. ஒரு வெளியீட்டில் மூன்று அல்லது நான்கு அத்தியாயங்கள் அடங்கின. எனவே அத்தியாயத்தின் நீளத்தை நிர்ணயித்தது ஆசிரியனின் தனிவிருப்பு மாத்திரமன்று. அச்சு, விலை, வாசகனின் வருவாய் ஆகிய பொருளாதாரக் காரணிகளும் அதிற் பங்குகொண்டன. அடுத்த நாவலான 'ஹாட் டைம்ஸ்' 1854இல் வாரந்தோறும் வெளிவந்தபோது, இடப்பற்றாக்குறை தம்மை நெருக்குவதாக டிக்கன்ஸ் தம் நண்பர் ஃபோஸ்டரிடம் முறையிட்டார். நமது வாரஇதழ்த் தொடர்கதைகளின் அத்தியாயங்கள் ஏறத்தாழ ஒரே அளவினவாய், ஒவ்வொன்றும் ஒரு திடுக்கத்தில் முடிவனவாய் அமைந்தமைக்கும் இதுவே அடிப்படை. அதனைக் கலைமரபு என்று கூறுவதிலும் பார்க்கச் சந்தை மரபு என்று கூறுவதே பொருந்தும்.

எனினும் அந்த 32 பக்கங்களுள் டிக்கன்ஸ் செய்தது வெறும் இணங்கிப்போதலன்று. நாவலின் 67 அத்தியாயங்களையும் அவர் இருவருக்குப் பங்கிட்டார். ஒருவன் பெயரற்ற எடுத்துரைஞன், நிகழ்காலத்திற் பேசுபவன், சான்சரி நீதிமன்றம், பாராளுமன்றம், பிரபுக்களின் மாளிகை, சேரி என எங்கும் நுழைபவன், எள்ளல் நிறைந்தவன். மற்றவள் எஸ்தர் சமர்சன். பெற்றோர் அறியாது வளர்ந்த பெண். தன் வாழ்வை இறந்தகாலத்தில், தன்மையிடத்தில் நின்று கூறுபவள். அவளது அத்தியாயங்கள் 33, அவனுடையவை 34. ஏறக்குறையச் சரிபாதியான இப்பங்கீடு தற்செயலானதெனக் கொள்ளல் கடினம். சமூகத்தை ஓர் அமைப்பாகக் காணும் கண்ணுக்குத் தனிமனித வேதனை முழுமையாகப் புலப்படுவதில்லை. வேதனையை அனுபவிப்பவளுக்கு அவ்வேதனையை உற்பத்தி செய்யும் அமைப்புப் புலப்படுவதில்லை. இம்முரண்பாட்டைத் தீர்த்துவைக்க முனையாது, அதனையே நாவலின் கட்டுக்கோப்பாக ஆக்கிக்கொண்டமை டிக்கன்ஸின் பெருஞ்சாதனை.

இதன் பயனை ஓரிடத்திற் காணலாம். தான் பெற்ற குழந்தை இறக்கவில்லை என்பதை லேடி டெட்லொக் 29ஆம் அத்தியாயத்தில் அறிகின்றாள். அது எடுத்துரைஞனின் அத்தியாயம். தன் தாய் யாரென்பதை எஸ்தர் அறிவதோ 36ஆம் அத்தியாயத்தில். மாத வெளியீடாக வாசித்தவன் 1852 நவம்பரில் அறிந்த உண்மையை எஸ்தரின் வாயால் 1853 பெப்ரவரியிலேயே கேட்டான். மூன்று மாதங்கள் வாசகன் அவளுக்காக அவள் அறியாததைச் சுமந்திருந்தான். இதனை வெறும் மர்மக்கதை உத்தியெனத் தள்ளிவிட முடியாது. தன் வாழ்வை நிர்ணயிக்கும் செய்தி எங்கோ பிறர் கைகளில் மாறிக்கொண்டிருக்க, ஒருத்தி அதனை அறியாது வீட்டுச் சாவிக்கொத்தைச் சுமந்து திரியும் நிலை, வாசிப்பின் கால அளவாகவே மாற்றப்பட்டுள்ளது.

ஆயின் இப்பங்கீட்டிற் பங்கு பெறாதவன் ஒருவன் உளன். தெருச் சந்தியைக் கூட்டிப் பிழைக்கும் சிறுவன் ஜோ. 11ஆம் அத்தியாயத்தில் மரண விசாரணைக்கு அவன் அழைத்துவரப்படுகின்றான். பொய்யுரைத்தால் இறந்தபின் தனக்கு என்ன நேருமென்று திட்டமாகக் கூற அவனுக்குத் தெரியாமையால், மரண விசாரணை அதிகாரி அவன் சாட்சியத்தை நிராகரிக்கின்றார். இறந்தவனை அறிந்திருந்த மிகச்சிலருள் ஒருவன் இவ்வாறு வாய்மூடப்படுகின்றான். டிக்கன்ஸ் இதனைக் கடுமையாகச் சாடுகின்றார் என்பதில் ஐயமில்லை. ஆனால் அவரது நாவலும் ஜோவைச் சாட்சிக் கூண்டில் ஏற்றவில்லை என்பதே நமது வாதம். எழுத்தறியாது தெருக்களில் அலைதல் எப்படியிருக்குமோ என்று 16ஆம் அத்தியாயத்தில் எடுத்துரைஞன் ஊகிக்கின்றான். ஊகத்துக்கு அப்பால் அவன் செல்லவில்லை. 31ஆம் அத்தியாயத்தில் ஜோ எஸ்தரின் பார்வையில் நோயாளியாக வருகின்றான். அவனிடமிருந்து தொற்றிய நோய் பணிப்பெண் வழியாக எஸ்தரையும் பற்றி அவள் முகத்தை உருக்குலைக்கின்றது. 47ஆம் அத்தியாயத்தில் அவன் இறக்கும்போது, மகாராணியையும் பிரபுக்களையும் விளித்துப் பேசுபவன் மீண்டும் எடுத்துரைஞனே. இரு கதைகளுக்குமிடையே ஜோ நடமாடுகின்றான். ஒன்றிலேனும் அவனுக்குச் சொந்தக் குரலில்லை. வர்க்கங்களை இணைப்பதாக நாவல் காட்டுவது நோயைத்தான், மொழியை அன்று.

இக்குறையை டிக்கன்ஸின் நல்லெண்ணக் குறைவாகக் கொள்ளல் தவறு. உழைக்கும் மக்கள்பால் ஆழ்ந்த பரிவு கொண்டிருந்த ஒரு நடுத்தரவர்க்கத் தாராளவாதியின் எல்லை அது. நாவலின் முடிவு அவ்வெல்லையை உறுதி செய்கின்றது. வழக்கின் சொத்து முழுவதும் வழக்குச் செலவிலேயே கரைந்துபோகின்றது. எனினும் இறுதி அத்தியாயம் எஸ்தரின் மகிழ்ச்சியான இல்லத்திற்கே அளிக்கப்படுகின்றது. அமைப்பைச் சாடிய குரல் 66ஆம் அத்தியாயத்துடன் அடங்கிவிடுகின்றது.

போக்னரின் 'ஆஸ் ஐ லே டையிங்' (1930) எதிர்ப்புறத்திற் சென்றது. 59 பகுதிகள், 15 பேர். மிசிசிப்பியின் வறிய வெள்ளை விவசாயக் குடும்பமொன்றும் அயலவரும் தத்தம் குரலிற் பேசுகின்றனர். சிறுவனொருவனின் பகுதி ஒரேயொரு வாக்கியம். பேசுபவனின் மனநிலையே அத்தியாயத்தின் அளவுகோலாகின்றது. எல்லோரும் பேசும் இந்நாவலில், அவர்களை வறுமையில் வைத்திருக்கும் அமைப்பைக் காண்பார் எவருமிலர். குரல்களைப் பெருக்குதல் தன்னளவில் முற்போக்கானதென நம்மிடையே இன்று நிலவும் எண்ணத்தை மீள்பரிசீலனை செய்ய இது போதும்.

இவ்விரண்டையும் மனத்திற்கொண்டு கே. டானியலின் 'பஞ்சமர்' (1972) நாவலை மீண்டும் வாசித்தல் பயனுடையது. அதனைக் கூறுபவரும் எல்லாமறிந்த ஆசிரியரே. எனினும் அவர் ஜோவைப் பார்த்து ஊகிக்கும் வெளியாளர் அல்லர். ஒடுக்கப்பட்ட சமூகத்திற் பிறந்து, அம்மக்களின் போராட்டங்களில் நின்றவர். ஒரே உத்தி, அதனைக் கையாள்பவனின் சமூக நிலை மாறுமிடத்து வேறு பொருள் கொள்கின்றது. அதிற் பாத்திரங்களின் யாழ்ப்பாணப் பேச்சு ஆசிரியரின் குரலை அடிக்கடி முந்திச் செல்வதையும் காணலாம். ஆனால் தனியொருவரின், குறிப்பாகப் பெண்ணொருத்தியின், மனத்துள் ஓர் அத்தியாயம் முழுவதும் தங்கியிருக்க அந்நாவல் அவகாசம் தருவதில்லை. போராட்டம் கூட்டாக நிகழ்ந்தமையால் கதையும் கூட்டத்தோடு விரைகின்றது. டானியலுக்கு அது தேவையான தெரிவாக இருந்திருக்கலாம். அவரை அடியொற்றிப் பின்னர் எழுதியோர் அவ்விரைவை மட்டும் எடுத்துக்கொண்டு, அதற்குக் காரணமாயிருந்த வரலாற்றுச் சூழலை விட்டுவிட்டனர்.