ஓவர்கிளாக்கிங்: எந்த எண்ணைத் தொடலாம்?

1998 ஆகஸ்டில் இன்டெல் ஒரே நேரத்தில் சந்தைக்கு விட்ட பிராசசர்களில் இரண்டு முக்கியமானவை. ஒன்று 450 மெகாஹெர்ட்ஸில் ஓடும் பென்டியம் 2. விலை 669 டாலர். மற்றொன்று சிக்கனக்காரர்களுக்கான செலரான் 300ஏ. 300 மெகாஹெர்ட்ஸ், 149 டாலர். மதர்போர்டின் பஸ் வேகத்தை 66இலிருந்து 100 மெகாஹெர்ட்ஸுக்கு ஏற்றினால் மலிவான சில்லும் அதே 450ஐத் தொட்டுவிடும் என்ற செய்தி விரைவிலேயே உலகம் முழுக்கப் பரவியது. பஸ் வேகத்தைப் பெருக்கிப் பிராசசரின் வேகத்தைத் தரும் நாலரை மடங்கு என்ற எண்ணை இன்டெல் பூட்டி வைத்திருந்தது. பெருக்கப்படும் எண்ணைப் பூட்டவில்லை!

ஏபிட் பிஎச்6 போன்ற போர்டுகளில் பயாஸ் மெனுவிலேயே இதைச் செய்துவிடலாம். பஸ் வேகத்தைத் தானாகவே முடிவு செய்யும் பிடிவாதக்கார போர்டுகளுக்கு வேறு வைத்தியம் இருந்தது. பிராசசர் அட்டையின் விளிம்பில் வரிசையாக நிற்கும் தங்க நிறத் தகடுகளில் பி21 என்ற ஒன்றின்மேல் மட்டும் சின்னதாக டேப் ஒட்டுவார்கள், அல்லது நெயில் பாலிஷ் தடவுவார்கள். அந்தத் தொடர்பு அறுந்ததும், வந்திருப்பது 100 மெகாஹெர்ட்ஸ் பஸ்ஸுக்கான சில் என்று போர்டு நம்பிவிடும். 520 டாலர் வித்தியாசத்தை ஒரு துண்டு டேப் ஈடுகட்டிய காலம் அது. அறிவிக்கப்பட்ட வேகத்துக்கு மேல் சில்லை ஓட்டும் ஓவர்கிளாக்கிங்கின் புகழ் பெரும்பாலும் அங்கிருந்து வந்ததுதான்.

ஆனால் அந்த வெற்றிக்குப் பின்னால் இருந்த கணக்கைப் பலர் கவனிக்கவில்லை. பஸ் வேகம் பிராசசருக்கு மட்டும் சொந்தமானதல்ல. ஹார்டு டிஸ்கும் சவுண்டு கார்டும் சார்ந்திருந்த பிசிஐ தடத்துக்கு 33 மெகாஹெர்ட்ஸ், கிராபிக்ஸ் கார்டு அமர்ந்த ஏஜிபி தடத்துக்கு 66 மெகாஹெர்ட்ஸ் என்று, இரண்டுமே அதே கடிகாரத்தை வகுத்துப் பெறப்பட்டவை. பஸ்ஸை 100க்கு ஏற்றினால் மூன்றால் வகுத்து பிசிஐக்கு 33 கிடைக்கும். ஏஜிபிக்கும் மூன்றில் இரண்டு பங்காக 66 கிடைத்துவிடும். பிராசசரைத் தவிர எதுவுமே வரம்பு மீறவில்லை. மாறாக, 'கொஞ்சம்தானே' என்று 83இல் நிறுத்தியவர்களுக்கு இரண்டால் வகுத்து பிசிஐ 41.5க்குப் போனது, ஹார்டு டிஸ்கில் கோப்புகள் சிதைந்தன. பெரிய தாவல் பத்திரமாக இருந்தது, சின்னத் தாவல் குழியில் தள்ளியது. துணிச்சலுக்கும் நிதானத்துக்கும் இதில் வேலையே இல்லை. எல்லாம் வகுத்தல் கணக்கு.

கிராபிக்ஸ் கார்டு மாட்டிக்கொண்டது அடுத்த கட்டத்தில். இன்டெலின் 440பிஎக்ஸ் சிப்செட்டை 133 வரை இழுத்தவர்கள் உண்டு. நான்கால் வகுக்கும் வசதி இருந்த போர்டுகளில் பிசிஐ தப்பித்தது. ஏஜிபிக்கு மூன்றில் இரண்டு பங்குக்குக் கீழே இறங்க வழியில்லை, ஆகவே அது 89இல் ஓடியது. சில கார்டுகள் முனகாமல் தாங்கின. சில, விளையாட்டின் நடுவே திரையை உறைய வைத்தன.

தாங்கிய கார்டுகளுக்காவது பலன் கிடைத்ததா? பெரிதாக ஒன்றுமில்லை. காரணத்தைப் பின்னாளைய கார்டு ஒன்றில் இன்னும் தெளிவாகப் பார்க்கலாம். 2010இல் வந்த ஜிஃபோர்ஸ் ஜிடிஎக்ஸ் 460, ஒரு ஜிபி கார்டு, தன் சொந்த நினைவகத்தோடு நொடிக்கு 115 ஜிகாபைட் பேசுகிறது. ஏஜிபியின் இடத்துக்கு வந்திருந்த பிசிஐ எக்ஸ்பிரஸ் தடம் அன்றைய மதர்போர்டுகளில் ஒரு திசையில் தந்தது நொடிக்கு 8 ஜிகாபைட். காட்சியின் மேற்பரப்புப் படங்கள் (டெக்ஸ்சர்கள்) கார்டின் நினைவகத்துக்குள் வந்து சேர்ந்தபின், அந்த 8ஐ 8.8 ஆக்குவதால் ஓட்டத்தில் என்ன மாறப்போகிறது? கிராபிக்ஸ் வேகத்துக்காக பஸ்ஸைத் திருகுவது வீண்வேலை என்றே சொல்லவேண்டும். 2011 ஜனவரியில் வந்த சாண்டி பிரிட்ஜ் பிராசசர்களில் இன்டெல் எல்லாத் தடங்களையும் ஒரே 100 மெகாஹெர்ட்ஸ் கடிகாரத்தில் கட்டியது. சில சதவீதம் ஏற்றினாலே கணினி தடுமாறியது. ரசிகர்கள் புலம்பினார்கள். கிராபிக்ஸைப் பொறுத்தவரை இழப்பு ஒன்றுமில்லை.

கார்டின் சொந்தக் கடிகாரம் வேறு கதை. அதே ஜிடிஎக்ஸ் 460இன் அறிவிக்கப்பட்ட வேகம் 675 மெகாஹெர்ட்ஸ். பல கார்டுகள் 800ஐ எளிதாகத் தாண்டின. பதினெட்டு சதவீதத்துக்கு மேல் இலவசம். 2012இல் ஜிடிஎக்ஸ் 680உடன் என்விடியா கொண்டுவந்த 'ஜிபியு பூஸ்ட்', மின்சாரமும் வெப்பமும் இடம் கொடுக்கும் வரை கார்டு தானே வேகம் ஏறும்படி செய்தது. முன்பு வாங்குபவர் தேடி எடுத்த உபரியை இப்போது கம்பெனியே எடுத்து விற்கிறது. மிச்சம் பெரும்பாலும் சில சதவீதம்தான்.

அந்த மிச்சத்தின் விலையும் அதிகம். சில்லின் இயக்க மின்சாரம் வேகத்தோடு நேராகவும், வோல்டேஜின் வர்க்கத்தோடும் ஏறும். வேகத்தைப் பத்து சதவீதம் உயர்த்த வோல்டேஜையும் பத்து சதவீதம் ஏற்றினால், மின்செலவு சுமார் 33 சதவீதம் எகிறும். மே மாத மதுரையில், ஏசி இல்லாத அறையில், அந்த வெப்பத்தை வெளியேற்ற விசிறி படும் பாட்டைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

நினைவகத்தை ஏற்றுவதில் இன்னொரு பொறி இருக்கிறது. கிராபிக்ஸ் சில்லின் கோர் வரம்பு மீறினால் திரையில் வண்ணப் புள்ளிகளோ கிழிந்த முக்கோணங்களோ தெரியும், அல்லது டிரைவர் விழுந்து எழும். ஜிடிடிஆர்5 வகை நினைவகம் முதல், நினைவகத் தடத்தில் பிழையைக் கண்டுபிடித்துத் தரவை மறுபடி அனுப்பும் ஏற்பாடு உண்டு. அதனால் நினைவகம் வரம்பு மீறியும் படம் சுத்தமாகவே இருக்கலாம். மெகாஹெர்ட்ஸ் ஏற ஏறப் பிரேம் எண்ணிக்கை மட்டும் இறங்கும். கார்டின் வேகத்தை மாற்ற உதவும் ஆஃப்டர்பர்னர் மென்பொருளில் பெரிய எண்ணைப் பார்த்து மகிழ்பவர், தன் கார்டை மெதுவாக்கிக்கொண்டிருப்பது தெரியாமலே இருப்பார்.

எந்த எண்ணைத் தொடலாம் என்பதை நன்றாகப் புரிந்துகொண்டவர்கள் விளையாட்டுக்காரர்கள் அல்ல, 2022 செப்டம்பர் வரை கிராபிக்ஸ் கார்டுகளைக் கொண்டு எதீரியம் என்ற கிரிப்டோ நாணயத்தைத் தோண்டியவர்கள். அந்த வேலைக்கு நினைவக வேகம்தான் முக்கியம் என்று அறிந்து, நினைவகத்தை ஏற்றினார்கள். கோர் வேகத்தையும் வோல்டேஜையும் தாராளமாக இறக்கினார்கள். மின்கட்டணம் அவர்களுக்குக் கற்றுத்தந்த பாடம்.

இன்று புதிய கார்டு வாங்கியவர்கள் முதலில் வோல்டேஜை இறக்கிப் பார்ப்பதே லாபம்: வேகம் ஏறக்குறைய அப்படியே நிற்க, வெப்பமும் சத்தமும் குறையும். நினைவகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். ஒவ்வொரு படியிலும் பிரேம் எண்ணிக்கையை அளந்து, அது குறையத் தொடங்கினால் பின்வாங்குங்கள். பயாஸில் இருக்கும் பிசிஐ எக்ஸ்பிரஸ் கடிகாரத்தை 100இலேயே விட்டுவிடுங்கள்.