கரையில் நின்றவளின் நாவல் எங்கே?

மலேசியத் தமிழ் நாவல் என்றதும் நமக்கு ஒரு வரிசை மனப்பாடம்: கப்பல், கங்காணி, லயம், பால்மரம், சயாம். அகிலனின் ‘பால்மரக் காட்டினிலே’, ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ எல்லாமே வந்தவர்கள் பட்ட பாட்டைச் சொல்பவை. அது எழுதப்பட வேண்டியதுதான். ஆனால் வந்தவன் விட்டுவந்த வீட்டில் யார் இருந்தார்கள்? நாகப்பட்டினத்தில் கப்பல் கிளம்பியதும் கதையும் அதிலேயே ஏறி வந்துவிடுகிறது.

இந்தக் கேள்வியைக் கிளப்பியது ரொசாலியா தெ காஸ்த்ரோ. ஸ்பெயினின் வடமேற்கு மூலையிலுள்ள கலீசியாவின் கவிஞர். அங்கேயும் வறுமை ஆட்களைக் கூட்டங்கூட்டமாகக் கியூபாவுக்கும் அர்ஜென்டினாவுக்கும் துரத்தியது. (அர்ஜென்டினாவில் எந்த ஸ்பானியனையும் ‘கலீசியன்’ என்றே கூப்பிடுவார்கள். இங்கே ‘கெலிங்’ என்ற சொல் எல்லா இந்தியர் மேலும் ஒட்டிக்கொண்ட மாதிரி.) 1880-இல் வந்த அவரது ‘ஃபோலாஸ் நோவாஸ்’ தொகுப்பில் ஒரு பகுதியின் தலைப்பே, உயிரோடிருப்பவர்களின் விதவைகளும் இறந்தவர்களின் விதவைகளும். போனவனைவிட, நின்றவளைத்தான் அவர் உற்றுப் பார்த்தார்.

நமக்கும் அந்த விதவைகள் உண்டு. 1938-இல் இந்திய அரசு மலாயாவுக்குத் தொழிலாளர்களை அனுப்புவதைத் தடுத்தது. பிறகு ஜப்பான்காரன் வந்தான். மூன்றரை வருடம் கப்பலும் நின்றது, கடிதமும் பணமும் நின்றன. என் கொள்ளுத்தாத்தாவைப் பற்றி வீட்ல சொல்வாங்க: “ஊர்ல அவருக்கு இன்னொரு குடும்பம் இருந்துச்சாம்.” அவ்வளவுதான். அந்தப் பெண்ணின் பெயர் யாருக்கும் தெரியாது.

ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’யில் ஊர் வருகிறதே என்பீர்கள். வருகிறது, மதுரைத் தெருக்கள் பிரமாதமாக வருகின்றன. ஆனால் நினைப்பவன் பாண்டியன். ஊர் அவனை எப்படி நினைத்தது என்பது நாவலின் கவலையே இல்லை.

காரணம் எனக்குத் தெரிந்தவரை அரசியல்தான். இந்த மண்ணுக்காக ரத்தம் சிந்தினோம், இது எங்கள் மண் என்று நிரூபிக்க வேண்டிய அவசரம் நம் எழுத்தாளர்களுக்கு இருந்தது. குடியுரிமைக்கு அலைந்த சமூகம் அக்கரையில் ஒரு பெண்டாட்டி காத்திருப்பதை எப்படி எழுதும்? அது வழக்கைக் கெடுத்துவிடும். அதனால் நிறைய நாவல்கள் சாட்சி வாக்குமூலங்களாகவே நின்றுவிட்டன. வாக்குமூலத்தில் குற்றவுணர்ச்சிக்கு இடமில்லை. நாவலுக்கு அது இல்லாமல் முடியாது.

இப்போது ஜெஞ்சாரோமில் பால்மரம் போய்ச் செம்பனை. என்னோடு படித்தவர்களில் பலர் சிங்கப்பூரில். தாமான் வீடுகளில் அம்மாக்கள் தனியாக, ராத்திரி ஒன்பது மணிக்கு வாட்ஸ்அப் அடிக்குமா என்று போனையே பார்த்துக்கொண்டு. நம் ஆட்கள் எழுதும் சிங்கப்பூர்க் கதைகளோ ஜொகூர் பாலத்து நெரிசலிலேயே தொடங்குகின்றன.